ஆறு மாதத் தடை

எங்கள் மலைக்கிராமங்கள் நாலுக்கும் சேர்த்து ஒரே டாக்டர்தான், கோர்னேல் பிர்லேயா. வெடூரியாவின் மகள் ஸ்மாரண்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தபோது, பிளம் சாராய வாடையோடு வந்தவர் வாசலில் நின்றபடியே, "வாயுதான், புதினாத் தண்ணி குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் குடல்வால் வெடித்தது. நகரத்து ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே பெண் செத்துப்போனாள்.

வெடூரியா மருத்துவர் மன்றத்தில் புகார் கொடுத்தாள். ஒன்றரை வருடம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் பிர்லேயாவிடம், "உக்காரு கோர்னேல்" என்றார். பிறகு இவளைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு முன்னாடியும் வயித்துவலின்னு பொய் சொல்லி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருக்காளாமே?"

"ஒரே ஒரு தடவை சார். கணக்குப் பரீட்சைக்கு."

"அப்ப டாக்டர் நம்பாதது பெரிய தப்பில்லையே."

"அவரு குடிச்சிருந்தாரு சார்."

"கேட்டோம்மா. இருமல் மருந்துங்கிறாரு."

கடைசியில் பிர்லேயா வைத்தியம் பார்க்க ஆறு மாதத் தடை விதித்தார்கள். அதுவாவது கிடைத்ததே என்று பஸ்ஸில் அழுதுகொண்டே ஊர் வந்தாள்.

அவருக்குப் பதிலாக வேறு டாக்டர் யாரும் வரவில்லை. ஜனவரிப் பனியில் ஃப்ளோரியாவின் புருஷனுக்கு நெஞ்சு அடைத்தது. ஆம்புலன்ஸ் மலையேறி வருவதற்குள் உடம்பு விறைத்துவிட்டது. கல்லறையில் எல்லோர் முன்னாலும் ஃப்ளோரியா கேட்டாள்: "உன் மக போயிட்டா, சரி. துணைக்கு என் புருஷனையும் அனுப்பி வச்சியாக்கும்?"

அன்றிலிருந்து வெடூரியாவோடு ஒருவரும் பேசவில்லை. தடை முடியப்போகிற நேரத்தில் பிர்லேயா வேறு ஊருக்கு மாறிப்போகிறேன் என்று சொல்லியனுப்பினார். ஊர்த்தலைவர் நேரே வெடூரியா வீட்டுக்குப் போனார்.

"அவர்ட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடும்மா, போகாம இருந்துடுவாரு. இன்னொரு பனிக்காலம் டாக்டர் இல்லாம தாங்காது."

"எம்பொண்ணக் கொன்னவர்ட்டயா?"

"உன் பொண்ணு இனி வரமாட்டா. மத்த பிள்ளைங்க இருக்கில்ல?"

ஈஸ்டர் பூசை முடிந்ததும் தேவாலய முற்றத்தில் வெடூரியா மன்னிப்புக் கேட்டாள். குரல் எழும்பவில்லை. பின்னால் நின்ற யாரோ, "கேக்கல" என்றார்கள். இன்னொரு முறை சொன்னாள்.

பிர்லேயா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பரவாயில்லம்மா. துக்கத்துல யாரா இருந்தாலும் எதையாவது பேசிடுவாங்க."

என்ன பெரிய மனசு என்று பேசிக்கொண்டே எல்லோரும் விருந்துக்கு உட்கார்ந்தார்கள். வெடூரியாவுக்கும் ஆட்டுக்கறியோடு ஒரு தட்டு வந்தது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஃப்ளோரியா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.