டியூக்கைக் கடன் கொடுத்த கதை

ஓக்லஹோமாவில் ஈனிட் பக்கம் பாம்பு வளர்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆண் பாம்பைக் கடன் கொடுக்கலாம். குட்டி பொரிந்தால் முதலில் பொறுக்குவது பெட்டைக்குச் சொந்தக்காரர். அடுத்ததைத்தான் ஆணுக்குச் சொந்தக்காரர் எடுக்கலாம். கோரினிடமிருந்து அவளுடைய ஆண் பாம்பு டியூக்கைக் கடன் வாங்கிக்கொண்டபோது டெல்பர்ட் இந்தச் சட்டத்தை இரண்டு தரம் சொன்னான். பாம்பு விஷயத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு அவனுக்கு. அவன் பேச்சைக் கேட்டால், பாம்புகளே அவனிடம் அனுமதி வாங்கித்தான் சட்டை உரிக்கின்றன என்று தோன்றும்.

கோரின் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். மிரண்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் பந்துப் பாம்பு என்றால் அவளுக்கு உயிர். அதிலும் பால் வெள்ளை உடம்பில் அங்கங்கே பழுப்புத் திட்டு விழுந்த ஒன்று தனக்கென்று வேண்டும். கண்காட்சிக்குக் கண்காட்சி அப்படி ஒரு குட்டியின் முன்னால் போய் நின்று, விலையைக் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு வீடு திரும்புவாள். டியூக் பார்வைக்கு வெறும் பழுப்பு. ஆனால் அவன் அப்பன் வெள்ளை, அந்த ரத்தம் அவனிடம் இருக்கிறது. டெல்பர்ட்டின் பெட்டைகளும் அதே மாதிரி. இரண்டு பக்கமும் ரத்தம் இருந்தால் நாலு குட்டிக்கு ஒன்று வெள்ளையாக வரலாம், வராமலும் போகலாம்.

"ரெண்டு வெள்ளை பொரிஞ்சாத்தான் உனக்கு ஒண்ணு," என்றான் டெல்பர்ட். "ஒண்ணே ஒண்ணுன்னா அது எனக்கு. நானும் பத்து வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். அப்புறம் நீ மூக்கைச் சிந்தக் கூடாது."

"சிந்தமாட்டேன்," என்றாள் கோரின். வேறென்ன சொல்வாள்?

குளிர்காலம் வந்தது. டெல்பர்ட் ஒவ்வொரு பெட்டையாக டியூக்கோடு விட்டான். டியூக் ஒருத்தியையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"உன் ஆளு சாமியாராப் போயிட்டான்," என்று போனில் சொன்னான் டெல்பர்ட். "கவலைப்படாத, எங்கிட்ட ஒரு வித்தை இருக்கு. என் பிஸ்கட்டை உள்ள விடறேன். இன்னொரு ஆம்பளையைப் பார்த்தா ரோஷம் வரும்."

பிஸ்கட் அந்தப் பெட்டைகளோடு கூடப் பிறந்தவன். அவனை அவற்றோடு சேர்க்க முடியாது, ஆனால் உசுப்பேற்றுவதற்கு ஆவான். ஊரில் எல்லோரும் செய்கிற வித்தைதான்.

மறுநாள் மறுபடி போன். "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுப் படுத்திருக்கு. சண்டையாவது ஒண்ணாவது. இப்படி ரெண்டு கோழையை நான் பார்த்ததே இல்லை."

கோரினுக்கு அழுகை வந்தது. பெட்டையோடு சேராத ஆணுக்கு ஏது குட்டி? வெள்ளைக் குட்டிக் கனவுக்கு அத்தோடு முழுக்குப் போட்டுவிட்டாள். வசந்தம் பிறந்ததும், டியூக் தீனி எடுக்கவில்லை, உடம்பு வேறு ஊதிக் கிடக்கிறது என்று டெல்பர்ட் சொன்னான். குட்டி போனால் போகட்டும், அவன் பிழைத்தால் போதும் என்று சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டாள்.

"நீதான் எலி எலியாத் திணிச்சு அவனைக் கெடுத்து வச்சிருக்க," என்று வாசலிலேயே ஆரம்பித்தான் டெல்பர்ட். பேசிக்கொண்டே பாம்பு அறைக்குக் கூட்டிப்போனான். அவன் மனைவி மேக்ஸீன் டியூக் இருந்த இழுப்பறைத் தட்டை அலமாரியிலிருந்து வெளியே இழுத்தாள்.

டியூக் சுருண்டு படுத்திருந்தான். அந்தச் சுருளுக்கு நடுவே ஐந்து முட்டை.

 பிறகு மேக்ஸீன் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரோஷமா வந்துச்சு, டெல்பர்ட்? ரோஷமா வந்துச்சு?"

"வாங்கும்போதே ஆணுன்னுதானே சொன்னாங்க," என்று முனகினாள் கோரின். அடுத்த நொடி அவளுக்குப் பொறி தட்டியது. அப்பன் பிஸ்கட். பிஸ்கட்டின் ரத்தத்திலும் வெள்ளை இருக்கிறது. 

டெல்பர்ட்டுக்கும் அதே கணக்கு ஓடியிருக்க வேண்டும். "இருந்தாலும் இடம் என்னுது, தீனி என்னுது, கரண்டு என்னுது," என்று இழுத்தான்.

"பெட்டை யாருது?" என்று கேட்டாள் மேக்ஸீன். அவன் முட்டை பொரிக்கும் சூட்டுப் பெட்டியைத் தயார் பண்ணப் போனான்.

முட்டைகளைப் புரளாமல் எடுத்து, மேல் பக்கத்தில் பேனாவால் புள்ளி வைத்து, சூட்டுப் பெட்டியில் அடுக்கினார்கள். புரண்டால் உள்ளே குட்டி செத்துப்போகும். அடுத்த இரண்டு மாதமும் கோரின் பஸ் ஓட்டியது உடம்பு மட்டும்தான். மனசு அந்தப் பெட்டிக்குள் கிடந்தது.

பொரியும் சமயத்தில், தோல் போல மெத்தென்ற முட்டை ஓட்டைக் கீறிப் பார்க்கும் நாள் வந்தது. கீறும் உரிமை அவளுடையது, ஆனால் அவளுக்குத் தைரியம் வரவில்லை. "நீயே பண்ணுப்பா," என்று கத்தரியை டெல்பர்ட்டிடம் கொடுத்தாள். 

முதலாவது பழுப்பு. இரண்டாவதும் பழுப்பு. மூன்றாவது, நான்காவது, அதே பழுப்பு. கோரின் கண்ணை மூடிக்கொண்டாள். தோல் கிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் டெல்பர்ட் மூச்சை இழுப்பது கேட்டது.

"கோரின், கண்ணைத் தொற. தொறந்து பாரு."

ஈரம் மினுங்க, பால் போன்ற ஒரு சுருள். அதில் காசளவுக்கு ஒரு பழுப்புத் திட்டு. டெல்பர்ட் ஒரு நிமிடம் தன்னை மறந்து அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "வந்துடுச்சு, பாரு, வந்தே வந்துடுச்சு!" பிறகுதான் அது யாருக்கு என்பது அவனுக்கு உறைத்தது. அவன் கை மெல்லக் கீழே இறங்கியது. கோரினுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கிற அளவுக்குப் பாவமாக இல்லை.

குட்டிகள் முட்டையை விட்டு முழுசாக வெளியே வந்த அன்று, டெல்பர்ட் குட்டிகள் இருந்த தட்டை அவள் முன்னால் நீட்டினான்.

"எடுத்துக்க," என்றான் வேறெங்கோ பார்த்தபடி. "முதல்ல நீதான்."

கையை உள்ளே விட்டதுதான் தாமதம், வெள்ளைக் குட்டி பாய்ந்து அவள் கட்டைவிரலைக் கவ்வியது. ரத்தம் துளிர்த்தது.

"ஐயோ, விடு, கையை உதறாத, நான் எடுத்துவிடறேன்," என்று பதறி வந்தான் டெல்பர்ட்.

கோரின் கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். கண்ணீர் வழிந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"கடிக்கட்டும்," என்றாள். "என்னுதுதானே."