பப்பாசிச் சம்பலுக்கு எத்தனை கலோரி

என் கணவர் அன்புராசாவுக்குச் நீரிழிவு என்னும் சலரோகம் இருப்பது தெரியவந்தது 1995ஆம் ஆண்டு ஒக்ரோபரில். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. கனடாவின் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஹீற்றர் போட்டால் அப்படித்தான் என்று நான் நினைத்தேன். எங்கள் குடும்ப வைத்தியர் குலசிங்கம் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் குளிசை எழுதித் தந்தார். உணவு ஆலோசகர் ஒருவரிடமும் எங்களை அனுப்பினார்.

அங்கே நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆலோசகர் ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண். மேசை மேல் பிளாஸ்ரிக்கில் செய்த சோறும் இறைச்சித் துண்டும் அப்பிளும் வைத்திருந்தார். அன்புராசாவுக்கு ஆங்கிலம் வேலைத்தலத்துக்குப் போதுமான அளவுதான் தெரியும். அதனால் நான் மொழிபெயர்த்தேன். நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி, சாப்பிடுவதெல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும் என்றார் அந்தப் பெண். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தபடி, உங்களுக்கு மிகவும் பிடித்த சாப்பாடு எதுவென்று சொல்லுங்கள், அதை விட வேண்டியதில்லை, அதற்கும் இடம் வைத்தே திட்டம் போடலாம் என்றார்.

"என்னவாம்?" என்று அன்புராசா கேட்டார்.

"கண்டதையும் சாப்பிடக் கூடாதாம்" என்றேன்.

ஆயிரத்து எண்ணூறை ஆயிரத்து ஐந்நூறு என்றும் சொன்னேன். நான் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக்களில் சாப்பாடு வைக்கும் வேலை செய்தேன். சலரோகக்காரரின் தட்டோடு வரும் அட்டையில் பெரும்பாலும் ஆயிரத்து ஐந்நூறு என்றுதான் இருக்கும். அந்த நோயாளிகள் கட்டிலில் படுத்திருப்பவர்கள், என் கணவர் எட்டு மணி நேரம் உழைப்பவர் என்பது எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு ஒன்று நடந்தால் எனக்கு இந்த நாட்டில் யாரும் இல்லை. கொஞ்சம் குறைத்துச் சொன்னால் கொஞ்சம் கூடுதலாகக் காப்பாற்றலாம் என்று நம்பினேன்.

ஒரு சிறிய தராசு வாங்கினேன். மருந்துக்கடையில் கைக்கு அடக்கமான ஒரு கலோரிப் புத்தகமும் வாங்கினேன். அதில் லசான்யாவும் ஹொட்டோக்கும் இருந்தன. புட்டும் இடியப்பமும் இல்லை. மாவை நிறுத்து, தேங்காய்ப்பூவை நிறுத்து, நானே கணக்குப் போட்டேன். அன்புராசா இரவில் சாப்பாட்டு மேசையில் இருந்து, அன்று சாப்பிட்டதை ஒரு நீலக் கொப்பியில் எழுதுவார். நான் பக்கத்தில் சிவப்புப் பேனையால் கலோரியை எழுதுவேன்.

மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து, டோர்செட் பார்க்கில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த வார இறுதிச் சந்தைக்குப் போனோம். பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றுக்குள் நடக்கும் சந்தை அது. நான் மரக்கறிப் பக்கம் போக, அவர் சாப்பாட்டுக் கடைகள் பக்கம் போனார். அன்று மாலை கொப்பியைத் திறந்தேன்.

"உது என்ன? 'பப்பாசிச் சம்பல் ஒரு தட்டு, ஒட்டுச்சோறு ஒரு பிடி, சுட்ட பன்றி இறைச்சி ரெண்டு குச்சி'?"

"சாப்பிட்டதைத்தானே எழுதச் சொன்னது. எழுதியிருக்கிறன்."

"ஆற்றை கடையிலை?"

"தாய்லாந்துக்காரி ஒராள் வண்டில் வைச்சிருக்கிறா. பாங்கொக்கிலை தெருவிலை விக்கிறது மாதிரியே இருக்கு, றெஜி."

புத்தகத்தைப் புரட்டினேன். தாய்லாந்துச் சாப்பாடு ஒன்றும் அதில் இல்லை. சீனச் சாப்பாடு என்ற தலைப்பின் கீழ் எண்ணெயில் பொரித்த நூடில்ஸும் இனிப்புப் பூசிய பன்றி விலாவும் இருந்தன. இரண்டையும் கூட்டி ஆயிரத்து நூறு என்று சிவப்பில் எழுதினேன்.

"ஒரு நாள் சாப்பாட்டை ஒரு தட்டிலை முடிச்சுப்போட்டியள்."

"அவ்வளவு வராதப்பா. அது காய்தானே. மாலி எனக்குச் சீனி போடாமல்தான் இடிச்சுத் தாறவ."

"மாலியோ? பேரும் தெரியுமோ?"

அவர் பேனையை மேசையில் வைத்தார். பிறகு, "பாங்கொக்கிலை நான் நிண்டநேரம்..." என்று தொடங்கினார்.

"பாங்கொக் கதையை விடுங்கோ. நாளைக்குக் கண் தெரியாமல் போனால் பாங்கொக் வந்து பாக்காது."

அவர் கொப்பியை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

கனடாவுக்கு வரும் வழியில், ஏஜென்ற் கைவிட்டதால், அவர் பாங்கொக்கில் பதினான்கு மாதம் அகப்பட்டுக் கிடந்தார். அது எனக்குத் தெரியும். அந்தப் பதினான்கு மாதமும் நான் மன்னாரில் அவருடைய கடிதத்துக்காகக் காத்திருந்தேன். வந்த கடிதங்களில் எல்லாம் 'நான் சுகம், நீ யோசியாதே' என்றுதான் இருக்கும். 1992இல் என்னை இங்கே கூப்பிட்ட பிறகும் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. முடிந்ததைக் கிளறி என்ன பயன் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றிலிருந்து கொப்பி ஒழுங்காகிவிட்டது. காலையில் தவிட்டுப் பாண் இரண்டு துண்டு. மதியம் நான் கட்டிக் கொடுத்த சோறு ஒரு கோப்பை, பருப்பு, கீரை. இரவு இடியப்பம் மூன்று. சந்தைக்குப் போனால், "ஒண்டும் சாப்பிடேல்லை, சும்மா சுத்திப் பாத்தனான்" என்பார். நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னோடு வேலை செய்த தமிழ்ப் பெண் கிளடிஸிடம் அந்தக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டவும் செய்தேன். "இப்பிடி எழுதுற ஆம்பிளையை நான் காணேல்லை" என்றாள் அவள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜனவரியில் மறுபடி இரத்தம் பார்த்தார்கள். சீனி குறையவில்லை, கூடியிருந்தது. குலசிங்கம் டொக்ரர் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"சாப்பாட்டிலை பிழை சொல்ல ஒண்டுமில்லை, அன்புராசா. இவ்வளவு குறைச்சுச் சாப்பிட்டும் இறங்கேல்லையெண்டால் குளிசைதான் காணாது. கூட்டுவம்."

அன்புராசா தலை குனிந்தபடி, "ஓம் டொக்ரர்" என்றார்.

மார்ச்சில் இன்னொரு தடவை கூட்டினார்கள். சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது என்று டொக்ரர் சொன்னார். நான் அதையும் பெரிதாக எடுக்கவில்லை. நேரத்துக்கு நேரம் நான்தானே கொடுக்கிறேன் என்ற எண்ணம்.

பெரிய வெள்ளி வந்தது. சிறு வயதிலிருந்தே அன்புராசா அன்றைக்கு ஒருசந்தி உபவாசம் இருப்பவர். அன்று காலையிலும் வெறும் தேநீர்தான் குடித்தார். குளிசையை மட்டும் போட்டார். நான் தடுத்திருக்க வேண்டும். சலரோகக்காரர் பட்டினி இருக்கத் தேவையில்லை என்று எங்கள் பாதரே கோயிலில் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நாளைக்குச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கும்தானே என்று எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

பகல் இரண்டு மணிக்குச் சிலுவைப்பாதைக்குப் புறப்பட்டோம். அவர்தான் காரை ஓட்டினார். கெனடி றோட்டில் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய நெற்றி நனைந்திருந்ததைக் கண்டேன். வெளியில் பனிக்குளிர்.

"என்னப்பா, வேர்க்குது?"

அவர் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. மெல்லிய குரலில், இழுத்து இழுத்து, யாரையோ கெஞ்சுவதுபோல இருந்தது. "என்ன சொல்லுறியள்?" என்று நான் தோளைப் பிடிப்பதற்குள் கார் நடைபாதையில் ஏறி, அவருடைய பக்கமாக விளக்குக் கம்பத்தில் மோதியது.

எனக்குக் கையில் ஒரு கீறல் மட்டும். அவருக்கு இடது இடுப்பும் முழங்காலும் உடைந்தன. அம்புலன்ஸில் விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 1.8. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து.

ஆஸ்பத்திரியில் ஒரு வைத்தியர், இவர் வழக்கமாக என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் கைப்பையிலிருந்து நீலக் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரத்திலும் அதைக் கொடுக்கும்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை நினைக்க இப்போதும் கூசுகிறது. அன்புராசாவுக்கு அப்போது நினைவு திரும்பியிருந்தது. கட்டிலில் படுத்தபடி கையை உயர்த்தினார்.

"றெஜி, உதைக் குடுக்காதை. உதிலை இருக்கிறது பொய்."

"என்ன?"

"நீ தாறதையும் சாப்பிட்டனான். அது பசிக்குக் காணாமல் மாலியின்ரை கடையிலையும் சாப்பிட்டனான். ஒவ்வொரு ஞாயிறும் நாலு பெட்டி வாங்கிக்கொண்டு போய் வேலையிடத்து ஃபிறிஜ்ஜிலை வைக்கிறனான்."

"ஏன் எழுதேல்லை?"

"எழுதினால் நீ பேசுவாய்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வைத்தியரிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லும் விடவில்லை. ஜனவரியிலிருந்து கூட்டிய குளிசை எல்லாம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாப்பாட்டின் அளவுக்குக் கூட்டியது. அந்தச் சாப்பாடு ஒரு நாள் இல்லாமல் போனபோது அது அவரை விழுத்திவிட்டது. வைத்தியர் அதைப் பொறுமையாகத்தான் விளக்கினார். யாரையும் குற்றம் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து நான் தனியாக அந்தச் சந்தைக்குப் போனேன். உண்மையான கணக்கு எனக்கு வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் அதைத்தான் கேட்டிருந்தார்.

மாலி என்னைவிட மூத்தவள். சின்ன உருவம். கூரைக்குக் கீழே நின்றாலும் அவளுடையது தெருவில் தள்ளும் வண்டில்தான். நான் யார் என்று சொன்னதும் கையில் இருந்த உலக்கையை வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். அவளுக்கும் ஆங்கிலம் குறைவு. கைகளாலும் சொற்களாலும் விளக்கினாள். அவருடைய சம்பலுக்குச் சீனி போடுவதில்லை. அவரே சொல்லி வைத்திருந்தார். கச்சான் கடலை அரைக் கரண்டி. கொண்டுபோகும் பெட்டிகளில் துளசி போட்டு வறுத்த கோழியும் சோறும். சோறு கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்லுவார், வேலையில் பசிக்கும் என்று. நான் ஒவ்வொன்றையும் கிராம் கணக்கில் எழுதினேன்.

பிறகு அவள், உன் கணவர் சில ஞாயிறுகளில் எனக்குப் பப்பாசி இடித்துத் தருவார், நன்றாக இடிப்பார் என்றாள். எங்கே பழகினார் என்று கேட்டேன். உனக்குத் தெரியாதா என்று என்னைப் பார்த்தாள்.

பாங்கொக்கில் அவர் தங்கியிருந்த ஒழுங்கையின் முகப்பில் ஒரு பெண் வண்டில் வைத்திருந்தாளாம். விசா இல்லாதவர்களைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன ஒரு நாளில், ஓடிவந்த இவருடைய கையில் அந்தப் பெண் உலக்கையைக் கொடுத்து, ஒரு தொப்பியைத் தலையில் வைத்து, இடி என்றாளாம். பொலிஸ்காரர் முன்னால் நின்று சம்பல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம். இவர் குனிந்த தலை நிமிராமல் இடித்துக்கொண்டே இருந்தாராம். அதன் பிறகு ஒன்பது மாதம் அந்த வண்டிலில்தான் வேலையும் சாப்பாடும். அதைச் சொல்லும்போது அவர் அழுதுவிட்டார் என்றாள் மாலி.

அவர் இதை அவளிடம் தாய்லாந்து மொழியில் சொல்லியிருக்கிறார். என்னிடம் தமிழில் சொல்லத் தொடங்கியபோது நான் கலோரிப் புத்தகத்தோடு இருந்தேன்.

ஆலோசகர் கணக்குப் போட்டுத் தந்தார். முதல் நாள் நான் ஆயிரத்து நூறு என்று எழுதிய அந்தச் சாப்பாடு ஐந்நூற்றைம்பதுக்கு மேல் வராது. பப்பாசிச் சம்பல் மட்டுமென்றால் நூற்றைம்பது. சோற்றைக் குறைத்தால் வாரத்தில் இரண்டு மூன்று தடவை தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். ஒக்ரோபரில் அந்த இளம் பெண் சொன்னதும் இதுதான்.

அன்புராசா நடக்கப் பழகிக்கொண்டிருந்த நாட்களில், பயிற்சி முடிந்து அவர் கதிரையில் இருந்தபோது, நான் மறைத்த அந்த வசனத்தையும், குறைத்த முந்நூறு கலோரியையும் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ எனக்காகப் பயந்துதானே செய்தனி" என்றார்.

"ஓம்."

"நானும் உனக்குப் பயந்துதான் பொய் எழுதினனான்."

அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

செப்ரெம்பரில் அவர் ஊன்றுகோலோடு வெளியே வரத் தொடங்கினார். முதல் ஞாயிறே அவரைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டடத்தின் கதவு பூட்டியிருந்தது. அதை விற்றுவிட்டார்கள் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். மாலி ஒஷாவாப் பக்கம் மகளோடு இருக்கப் போய்விட்டாளாம். இரண்டு ஞாயிறுகள் ஒஷாவாவுக்குப் போய், தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை ஒவ்வொன்றாக விசாரித்தோம். எந்தக் கடையிலும் அவள் இல்லை. இரண்டாம் ஞாயிறு திரும்பி வரும்போது, "காணும், றெஜி. இனி வேண்டாம்" என்றார்.

நான் பச்சைப் பப்பாசி வாங்கி வந்து வீட்டில் இடித்துப் பார்த்தேன். எனக்கு இடிக்கத் தெரியவில்லை. காய் நசிந்து தண்ணீராகிவிட்டது. "நீங்கள் ஒருக்கால் இடிச்சுக் காட்டுங்கோவன்" என்று கேட்டேன். நிற்கக் கால் நோகுது என்றார். நான் செய்ததை முழுவதும் சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்றும் சொன்னார்.

இப்போது அவருடைய சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. கதிரையில் இருந்தபடி செய்யும் பொதி கட்டும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. கொப்பி எழுதுவதை விட்டுவிட்டோம். காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது நான் தினமும் கேட்கிறேன்.

"இண்டைக்கு என்ன சாப்பிட விருப்பம்?"

அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி, தலையை நிமிர்த்தாமல் சொல்கிறார்.

"நீ தாறதைத் தா."