பஞ்சுவின் காதில் விழாத கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ். முன்சீட்டு அம்மாளின் மடியில் மூடி போட்ட ஒரு கூடை. கூடையின் இடுக்கு வழியே வெள்ளைப் பூனை ஒன்றின் முகம். டிரைவர் அடித்த ஏர்ஹாரனில் தூங்கியவர்களெல்லாம் விழித்துக்கொண்டார்கள், கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. பூனை மட்டும் எதுவும் நடக்காததுபோல அந்த அம்மாளின் விரலை முகர்ந்துகொண்டிருந்தது.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காது கேக்காதுங்க இவளுக்கு. பொறவியிலேயே" என்றார்.

அவர் பெயர் ரமீஜா. அன்றிலிருந்து ராஜபாளையத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்வருகிறேன். (இங்கிருந்து அவரை 'அவள்' என்று எழுதப்போகிறேன். கதைக்குள் வந்துவிட்டால் அப்படித்தான். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "நாய்க்குப் பேர்போன ஊரில் ஒரு பூனை..."

அடித்துவிட்டேன். ராஜபாளையத்துக்காரர்கள் இந்த வேடிக்கையைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள்.

இரண்டாவது: "மகள் ஹஃப்ஸா கல்யாணமாகிப் போனபின் ரமீஜாவைத் தனிமை வாட்டியது. அந்த வெறுமையை நிரப்ப அவள்..."

இதை வாசித்துக் காட்டியபோது ரமீஜாவே நிறுத்தச் சொன்னாள். "வெறுமையா? நைட்டி தைக்க ஆர்டர் மலையாட்டம் குவிஞ்சு கெடக்கு. பூனையப் பிடிச்சுது, கூட்டியாந்தேன். அதுக்கு ஒரு சோகம் வேணுமாக்கும்?"

சரி. சோகம் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெபா, அடிபட்ட, விரட்டப்பட்ட பூனைகளைத் தூக்கிவந்து மாடியில் வைத்துத் தேற்றுவாள். தேறியதும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பாள். அந்த வெள்ளைப் பூனை பஞ்சு அவளுக்குக் கிடைத்தது நடுரோட்டில். லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வர, பூனை சாவகாசமாக வெயில் காய்ந்துகொண்டிருந்ததாம்.

ரமீஜா கேட்டவுடன் ஜெபா பூனையைக் கொடுத்துவிடவில்லை. முதலில் ரமீஜாவின் வீட்டைப் பார்க்க வந்தாள். சன்னல் சன்னலாகக் கை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இவள வெளிய விடவே கூடாது. வண்டி வாரதும் கேக்காது, நாய் வாரதும் கேக்காது. சன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருங்க. குட்டி போடாம இருக்க ஆபரேசன் நான் பண்ணிட்டேன். வருசா வருசம் தடுப்பூசி உங்க பொறுப்பு. பாசமா இருக்குன்னு பாலு மட்டும் ஊத்தாதீக, வயித்தால போவும்."

"பால்கோவா ஊருக்காரி பேசுத பேச்சா இது?" என்று சிரித்தார் சேக் முகைதீன், ரமீஜாவின் கணவர். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர்.

ஜெபா சிரிக்கவில்லை. "மொதல்ல ஒரே ரூம்ல வைங்க. பின்னால இருந்து தொடாதீக, பதறிரும். முன்னால போயி, உங்கள அவ பாத்த பொறவு தொடுங்க."

பஞ்சு வந்தாள். வந்ததும் பீரோவுக்கு அடியில் போனவள், போனவள்தான். சாப்பிடுவதும், மண் நிரப்பிய தட்டில் ஒதுங்குவதும் ஆள் இல்லாத நேரத்தில் மட்டும். ரமீஜா தையல் மிஷினை அந்த அறைக்கே நகர்த்திக்கொண்டாள். பூனையைப் பார்க்காததுபோலத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மோட்டார் ஓடும்போது மிஷினின் இரும்புக்காலில் ஏதோ சாய்ந்தது. குனிந்து பார்த்தாள். பஞ்சு. நெஞ்சை இரும்போடு ஒட்டி, கண்மூடி நின்றிருந்தாள். ரமீஜா மிஷினை நிறுத்தினாள், கண் திறந்தது. ஓட்டினாள், கண் மூடியது.

சத்தம் என்பது காதுக்கு மட்டும் வருவதில்லை என்று ரமீஜாவுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் தரையைக் காலால் இரண்டு தட்டுத் தட்டினாள். பஞ்சு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

4

(இந்தப் பகுதியை எழுத நான் தயங்கினேன். நல்லபடியாகப் போகும் கதையில் வேண்டுமென்றே ஆபத்தைக் கொண்டுவருவதாக நீங்கள் நினைக்கலாம். நான் கொண்டுவரவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது.)

ஒரு நாள் மத்தியானம் முகைதீன் பாத்திரக் கட்டோடு வீட்டுக்கு வந்தார். இரண்டு கையிலும் சுமை. வாசலைச் சாத்தவில்லை. ரமீஜா தொழுது முடித்து எழுந்தபோது பஞ்சு இல்லை.

முகைதீன் தெருவில் இறங்கி ஓடினார். "பஞ்சு! ஏ பஞ்சு!"

"அவளுக்குத்தான் கேக்காதே!" என்று பின்னால் வந்த ரமீஜா கத்தினாள்.

"தெரியும்ட்டி. வாய் நிக்க மாட்டேங்குதே!"

ரமீஜா தெருவில் காலைத் தட்டிப் பார்த்தாள். தார்ரோடு அசையவில்லை. அதற்கப்புறம் அவள் செய்ததை நான் கற்பனை செய்யவில்லை, சத்தியமாக. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு, கொதிக்கிற தரையில் நடந்தாள். சற்று நடந்து நிற்பாள். மறுபடி நடப்பாள். அடுத்த தெருமுனையில் உள்ளங்காலில் ஏதோ குறுகுறுத்தது. இன்னும் நடந்தாள். குறுகுறுப்பு அதிர்வாயிற்று.

பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம். உள்ளே பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. தறி ஓட்டும் தவசிமுத்து, காதில் துணியை அடைத்துக்கொண்டிருந்தவர், ரமீஜாவைப் பார்த்ததும் மூலையைக் கைகாட்டினார்.

அத்தனை தறிகளும் தடதடக்க, அந்த இரைச்சலின் நடுவே, பஞ்சு நெஞ்சைத் தரையில் பதித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ரமீஜா முன்னால் போய் உட்கார்ந்தாள். பூனை கண் விழித்துத் தன்னைப் பார்க்கும்வரை காத்திருந்து, பிறகு கையை வைத்தாள். உள்ளங்கையில் ஒரு சுகமான உறுமல். எது பூனை, எது பூமி என்று பிரித்தறிய முடியவில்லை என்றாள் என்னிடம். சொல்லும்போது கையை விரித்துக் காட்டினாள். நானும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

முடிவு ஒன்று: வெளியே வந்த தவசிமுத்து, "இங்கனயே கெடக்கட்டுமே தாயி. எம்புட்டு நிம்மதியாத் தூங்குது பாருங்க" என்கிறார். ரமீஜா கண் கலங்கி, பூனையை அதன் சொர்க்கத்தில் விட்டுவிட்டு...

இதை முழுக்க எழுதி ஜெபாவிடம் போனில் வாசித்தேன். "எழுத நல்லாத்தான் இருக்கும்" என்றாள். "ஓடுற பெல்ட்டு, தூசி, தொறந்து கெடக்குற வாசல். உங்க கதை முடிஞ்ச மறுநாள் பூனை என்ன ஆவும்? யோசிச்சீகளா?"

நான் யோசிக்கவில்லை.

முடிவு இரண்டு, நடந்தது: தவசிமுத்து அப்படிச் சொல்லத்தான் செய்தார். ரமீஜா, "எனக்கும் ஆசைதாண்ணே. ஆனா வாரேன்" என்று சொல்லி, பஞ்சுவை முந்தானையில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டாள். அன்று சாயங்காலம் முகைதீன் கடைக்குப் போகவில்லை. வாசலுக்கு உள்ளே இன்னொரு வலைக்கதவு போட ஆசாரியோடு நின்றார்.

6

இங்கே முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம். ஆனால் போன வாரம் ஜெபா மம்சாபுரத்தில் ஒரு கிணற்றிலிருந்து எடுத்த செவலைப் பூனைக்குட்டியோடு வந்து நின்றாள். டாக்டர் பார்த்தாகிவிட்டது, நோய் எதுவும் இல்லை. இப்போது குட்டி படுக்கையறையில், பஞ்சு கூடத்தில், நடுவில் சாத்திய கதவு. குட்டி படுத்த துணி பஞ்சுவிடம், பஞ்சு படுத்த துணி குட்டியிடம். வாசனை பழகட்டும் என்றிருக்கிறாள் ஜெபா. அந்தக் குட்டி நாளெல்லாம் கத்துகிறது. பஞ்சுவுக்கு அது தெரியாது.

நேற்று நான் அங்கே இருந்தேன். கதவின் அடியிடுக்கு வழியாகச் செவலை நிறத்தில் ஒரு சின்னப் பாதம் வெளியே வந்தது. பஞ்சு அதைப் பார்த்தாள். காதுகள் பின்னால் போயின. முதுகு ரோமம் எழுந்தது. பஞ்சு குனிந்து வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு தன் பாதத்தைத் தூக்கி, அந்தப் பாதத்தின் மேல் வைத்தாள். நகம் நீட்டவில்லை. சும்மா வைத்தாள்.

உள்ளே கத்தல் நின்றது.

"யா அல்லாஹ்" என்றார் முகைதீன், மெதுவாக.

"தொறந்துரலாமா?" என்று கேட்டேன், முடிவுக்கு அலையும் எழுத்தாளன்.

"செத்த பொறுங்க. ரெண்டு பேரும் அவியளா சொல்லட்டும்" என்றாள் ரமீஜா.

கதவு திறக்கும் நாளை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் வாசிக்கும் இன்றைக்கே அந்த நாளாக இருக்கலாம். சீறலோ, ஒரே துணியில் இரண்டு உறக்கமோ, எனக்குத் தெரியாது. நான் எழுந்து கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். கைப்பிடி இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது.

மெதுவாக.