வழியனுப்பக் கூடாத வீடு

கிரிஸ்புலோ இறந்து மூன்று நாளாகிவிட்டது. மறுநாள் காலை அடக்கம். கூடத்தில் சவப்பெட்டி, வாசலில் படுதாப் பந்தல். பிற்பகலில்தான் அவருடைய தம்பி இசிதோரோ வந்தான். பந்தலிலேயே கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

காரணம் கிரிஸ்புலோவின் மனைவி சலூத்துக்குத் தெரியும். பத்து வருடங்களுக்கு முன் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில், "இனிமே என் வாசப்படிய மிதிக்காதே" என்று அவனைப் பார்த்துக் கத்தியவள் அவள்தான். கணவர் இருந்தவரை அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. இன்றும் வாங்காவிட்டால் அண்ணன் முகத்தைப் பார்க்காமலே அவன் போய்விடுவான்.

இசிதோரோ இஞ்சித் தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு எழுந்தான். சலூத் அடுப்படியிலிருந்து பதறிக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டு கொன்சோர்சியா அவள் சமையல் ஏப்ரனின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடி ஓடுற?"

"கேட் வரைக்கும்க்கா. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"புத்தி கெட்டுப் போச்சா? சாவு வீட்டுக்காரி யாரையும் வழியனுப்பக் கூடாது. அடுத்த சாவும் இந்த வீட்டுலயே விழும். ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்கே! பத்து வருஷம் வராதவன், போனாப் போறான்."

பிள்ளைகள் என்றதும் சலூத்தின் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. இசிதோரோ கேட்டின் கொண்டியை நீக்கினான்.

அவள் சட்டென்று உள்ளே திரும்பினாள். தேங்காய்ப் பாலில் கிளறி அப்போதுதான் இறக்கிய ஒட்டரிசிச் சோறு கொப்பரையில் ஆவி விட்டது. முதல் கரண்டி இறந்தவருக்குத்தான். அதைத் தட்டில் வைத்து, படிக்கு உள்ளே நின்றபடி உரக்கக் கூப்பிட்டாள்.

"தம்பி! இங்க வா."

பந்தலில் துக்கத்துக்குக் கண்விழிக்க வந்தவர்களின் சீட்டாட்டம் நின்றது.

"அண்ணனுக்குப் படைக்கிற தட்டு இது. மூணு நாளா நான்தான் வெக்கிறேன். கூடப் பொறந்தவன் கையால ஒரு தரம் வெச்சிடு."

"உள்ள வரலாமா, அண்ணி?"

"அன்னிக்கு நான் பேசுனது தப்புடா. வா."

"அனுப்பத்தான் கூடாது. கூப்பிடக் கூடாதுன்னு யாரும் சொல்லல" என்று கொன்சோர்சியா முணுமுணுத்தாள்.

இசிதோரோ செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினான். பெட்டியருகே தட்டை வைத்தவன், அதன் மூடியிலிருந்த கண்ணாடிக்குக் கீழே தெரிந்த முகத்தைக் குனிந்து பார்த்தான். தோள்கள் குலுங்கின.

"கண்ணாடி மேல கண்ணீர் விழக் கூடாதுடா, போறவருக்கு வழி பாரமாயிடும்" என்று சலூத் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். இழுத்த பிடியை விடாமலே அவளும் அழுதாள்.