பதினைந்தாவது ஃபாரம்

வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "கதவு திறந்துதான் இருக்கா?"

திறந்த கதவுக்கு நடுவே நின்றுகொண்டுதான் கேட்பார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் மழையோ வெயிலோ, காய்ச்சலோ சண்டையோ, ஒரு நாள் தவறியதில்லை. முதல் வருடம் அவள் சிரித்தாள். இரண்டாம் வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "இல்ல, செங்கல் வச்சு அடைச்சிருக்கு" என்று சொல்லப் பழகிவிட்டாள். அவருக்கு அது போதும். தன்னை ஆளாக்கிய நாவலின் கடைசி வரியை இன்றைக்கும் ஒருமுறை சொல்லியாயிற்று என்ற திருப்தியோடு கைகால் கழுவப் போவார்.

அந்த நாவலில் அப்படி ஒரு கடைசி வரியே கிடையாது. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் பொது நூலகத்தில் பைண்டர். படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை, ஒரு பசை வாளி, ஊசி, மெழுகு தடவிய நூல், வெட்டித் தேய்ந்த ஒரு மேசை. கிழிந்து வருகிற புத்தகங்களைப் பிரித்து, தைத்து, அட்டை போட்டு மேலே அனுப்ப வேண்டும். புத்தகம் என்பது பதினாறு பதினாறு பக்கமாக மடித்த கட்டுகள்தான். ஒரு கட்டுக்கு ஃபாரம் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் இரண்டு நாவல்கள் ஒரே நாளில் மேசைக்கு வந்தன. ஒரே அச்சகம், ஒரே அளவு, ஒரே எழுத்து, இரண்டும் இருநூற்று நாற்பது பக்கம். இரண்டிலும் கதை சொல்வது பேரில்லாத ஒரு 'நான்'. முதல் நாவலின் 'நான்' கடைசியில் கப்பலேறி, கரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். இரண்டாவதன் 'நான்' கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய், கடைசியில் திரும்பி வந்து, வாசலில் நின்று கதவு திறந்துதான் இருக்கா என்று கேட்கும். அவள் இதன் பதினைந்தாவது ஃபாரத்தை அதிலும், அதன் பதினைந்தாவது ஃபாரத்தை இதிலும் வைத்துத் தைத்துவிட்டாள். 225 முதல் 240 வரை பக்க எண் சரியாகத்தான் இருந்தது. பைண்டர் பார்ப்பது எண்ணை. கதையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பசை காய்ந்துவிடும்.

அவர் அப்போது தண்ணீர் வாரியத்தில் பம்பு ஓட்டிக்கொண்டிருந்த பிரம்மச்சாரி. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வேலை கிடைத்து, கப்பலேற நாலு நாள் இருக்கையில், பம்பு அறையில் உட்கார்ந்து முதல் நாவலைப் படித்தார். முடித்ததும் வேலைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். புத்தகத்தைத் திருப்பித் தர வந்தவர், "இவ்வளவு நல்லாத் தச்சது யாரு?" என்று விசாரித்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார். ஆறு மாதத்தில் கல்யாணம்.

கல்யாணமான முதல் மாதம் அவர் அந்தக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. மறுநாளே இரண்டு புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தாள். பிரித்துச் சரியாகத் தைத்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் அதைத் திரும்பத் திரும்ப வாங்கி வந்து படிக்கிறவர் ஆயிற்றே! 'நீங்கள் ஊரை விட்டுப் போகாமல் நின்றது என் கைத்தவறால்' என்று புதுப்புருஷனிடம் எப்படிச் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலானாள்.

சங்கீதத்திலும் இதே லட்சணம்தான். அவர் உயிராக வைத்திருந்த புல்லாங்குழல் கேசட் ஒரு நாள் சிக்கி நாடா அறுந்துவிட்டது. நசுங்கிய பகுதியை ஒரு விரல் நீளம் வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பக்குவமாக ஒட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த மெட்டு பாதி வழியில் சட்டென்று ஒரு தாவு தாவும். அவரும் விசிலடிக்கையில் அதே இடத்தில் தாவுவார். "எப்படித் தாவுறார் பாத்தியா! மேதைன்னா இதுதான்" என்பார். மேதை அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படியே போயிருக்கும். வாசகர் வட்டத்துக்காரர்கள் கெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூலகக் கூடத்தில் 'என்னை ஆளாக்கிய புத்தகமும் பாட்டும்' என்று கூட்டம், இவருக்குப் பத்து நிமிடம். மனுஷன் ஒரு வாரமாகக் குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கிறார். குளிக்கப் போனால் சொற்பொழிவு, சாப்பிட உட்கார்ந்தால் சொற்பொழிவு. தலைமை தாங்கப்போவது ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர், அச்சான நாவல் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர் என்று பெயர். அவர் முன்னால் போய் இல்லாத முடிவைச் சொன்னால் கூடமே கைகொட்டிச் சிரிக்கும்.

"வேற புத்தகம் பேசக் கூடாதாங்க?" என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"வேற புத்தகமா? வேற பொண்டாட்டியோட குடும்பம் நடத்தச் சொல்ற மாதிரியில்ல இருக்கு!"

"இல்ல, தொண்டை சரியில்லைன்னு சொல்லிட்டுப் போகாமலாவது..."

"என் தொண்டைக்கு என்ன? நேத்து உன்கூட ஒரு மணி நேரம் சண்டை போட்டுச்சே."

இவரிடம் பேசி ஜெயித்தவர் யார்? ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டையோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அவள் கடைசி வரிசையில், கதவுப் பக்கமாக.

அவருக்கு முன்னால் பேசியது கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸம்மா. நாற்பதைத் தாண்டியவர், கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே பேசினார். "புருஷன் வீட்டுல அடி தாங்காம ஒரே ஒரு பையோட அண்ணன் வீட்டுக்கு வந்துட்டேன். திரும்பிப் போன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் போறதாத்தான் இருந்தேன். அப்பதான் இந்த நாவலைப் படிச்சேன். கடைசியில கப்பல்ல ஏறித் திரும்பிப் பாக்காமப் போற இடம் இருக்கே, அதைப் படிச்சுட்டு நான் போகல. நர்ஸிங் படிச்சேன்." நாவலின் பெயரையும் சொன்னார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாவது நாவல். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அது இதுதான். இத்தனை வருடமாகத் தன் வீட்டுக் கவலையையே பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தவள், இன்னொரு புத்தகமும் யார் கைக்காவது போயிருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தாளா?

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்க ரெண்டு நாவலைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க. கப்பல் வர்றது வேற ஒண்ணுல. நீங்க சொல்ற நாவல்ல கடைசியில வீட்டுக்குத் திரும்பி வந்துடறாங்க."

"இல்லைங்க சார். நான் பத்து தடவை படிச்சிருக்கேன்."

"பத்து தடவையும் தூக்கத்துல படிச்சீங்களோ?"

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் தன் புருஷனின் குரலும் உரக்கக் கேட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சிரிக்கிற மூஞ்சியைப் பார்! அடுத்து அடி விழப்போவது தன் முதுகில் என்று தெரியாமல் சிரிக்கிறதே! நர்ஸம்மா மைக்கைப் பிடித்தபடி, தான் படித்தது தப்போ என்று தனக்கே சந்தேகம் வந்தவராக நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"அவங்க சரியாத்தான் படிச்சாங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "புத்தகம்தான் தப்பு. தச்சது நான்."

சொல்லி முடித்தாள். ஃபாரம், பக்க எண், இரண்டு நாவல், எல்லாம். பேராசிரியர் "அடடா, இதுவே ஒரு பெரிய ஆராய்ச்சிப் பொருள்" என்று மைக்கை இழுத்தார். அவர் கிடக்கட்டும். முன்வரிசையில் சலவைச் சட்டை மெல்லத் திரும்பியது.

"அப்ப என்னோடது?"

"உங்களோடதும்தான்."

கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முறை வந்தபோது மைக் முன்னால் போய், "எனக்குப் பேச ஒண்ணுமில்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இருபத்தாறு வருடத்தில் அந்த வாயிலிருந்து அவள் கேட்டிராத வாக்கியம்.

கூட்டம் கலையும்போது நர்ஸம்மா அவளைத் தேடி வந்தார். மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறப்பதற்குள், "அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் பிச்சு எடுத்துட்டுப் போகலாம்னு ஒரு தடவை பாத்தேன். முடியல. என்னமாத் தச்சு வச்சிருந்தீங்க!" என்றார். கோபமா பாராட்டா என்று புரியவில்லை. போகிற போக்கில், "நான் போயிருந்தா இப்ப உயிரோட இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினார்.

வீட்டுக்கு நடந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் பேசவில்லை. பேசினால்தான் எரிச்சல் வரும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். பேசாவிட்டால் அதைவிடப் பயங்கரமாக இருந்தது.

மருந்துக்கடை தாண்டியதும் கேட்டார். "அப்ப நான் கப்பல் ஏறியிருக்கணுமா?"

"புத்தகம் சொன்னாக் கிணத்துல குதிப்பீங்களா?"

"குதிச்சுட்டேனே."

அவர் சிரிக்கவில்லை. தெருமுனை வந்ததும் நின்றார். "அந்தக் கேசட்?"

"அதுவும்தான். ஒரு விரல் நீளம் வெட்டினேன்."

"வேற ஏதாவது இருக்கா? இப்பவே சொல்லிடு."

"வேற எதுவும் இல்ல. மிச்சமெல்லாம் நீங்களாக் கெட்டது."

வீடு வந்தது. செருப்பைக் கழற்றினார். அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"சொல்லுங்களேன்" என்றாள்.

"எதை?"

"தினம் சொல்றதை."

"அது வேற நாவலோட வரி."

"எந்த நாவலோட வரியா இருந்தா எனக்கென்ன? இருபத்தாறு வருஷமா இந்த வாசல்ல கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு. சொல்லித் தொலைங்க!"

"பூட்டியிருக்கு. சாவி உன் பையில."

அப்போதுதான் பார்த்தாள். ஆத்திரத்தில் பூட்டைத் திறந்து உள்ளே போய், அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விளக்கைக்கூடப் போடாமல் கதவில் முதுகை வைத்து நின்றாள். வெளியே இருப்பவர் அப்படியே திரும்பி நடந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அப்படிப் பயந்தாள்.

வெளியே மெல்ல விசில் சத்தம் கேட்டது. அதே மெட்டு. ஒட்டுப் போட்ட இடம் வந்ததும் நின்றது. வெட்டிப்போட்ட ஒரு விரல் நீளத்தை அவர் தேடுவது கதவுக்கு இப்பால் கேட்டது. இரண்டு தரம் முயன்றார். கிடைக்கவில்லை. மூன்றாம் தரம் வழக்கம்போலத் தாவி அப்பால் போய் முடித்தார். பிறகு கதவைத் தட்டினார்.

"கதவு திறந்துதான் இருக்கா?"

மனப்பாடமாகச் சொல்கிற குரல் இல்லை. உண்மையாகவே கேட்டார். பதில் தெரியாமல் கேட்டார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல, செங்கல் வச்சு அடைச்சிருக்கு" என்று எரிந்து விழுந்துகொண்டே தாழ்ப்பாளை இழுத்தாள்.