டிரெய்லரில் ஏறாத எட்டுப் பேர்

ஜப்பான் சண்டை முடிந்த மறுவருஷம், ராணுவத்தார் திருச்சியில் விட்ட ஏலத்தில் ஆத்மநாதன் ஓர் அமெரிக்க லாரியையும், அதன் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லரையும் எடுத்துவந்தார். ஜெகதாப்பட்டினத்தில் கருவாடு ஏற்றித் திருவரங்குளம் பக்கத்துச் சந்தைகளில் இறக்குவது அவர் தொழில். இனிமேல் இரண்டு நடைச் சரக்கு ஒரே நடையில் போகும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிரைவர் மலையாண்டி, பர்மா எல்லையில் மூன்று வருஷம் ராணுவ லாரி ஓட்டியவன். அந்த டிரெய்லரின் சக்கரத்துக்குள் மின்சார பிரேக் இருப்பது அவனுக்குத் தெரியும். லாரி பாட்டரியிலிருந்து ஒயர் வழியாக மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் காந்தம் வேலைசெய்து சக்கரத்தைப் பிடித்துவிடும். அதை இயக்கும் கைப்பிடி ஸ்டியரிங் பக்கத்தில் இருந்தது. முன்சீட்டில் கால் நீட்ட இடைஞ்சல் என்று ஆத்மநாதன் அதைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டார். ஒயரை ஏலத்துக்கு முன்பே எவனோ அறுத்திருந்தான். அதனால் பின்விளக்கும் எரியவில்லை.

முதல் நடையில் டிரெய்லரில் பாதிச் சரக்குத்தான். ஆனாலும் கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது மலையாண்டி பிரேக்கை மிதித்ததும், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி லாரியின் வாலை ஒரு பக்கமாகத் திருப்பியது. எப்படியோ ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்தினான். திரும்பி வந்து, ஒயர் போட இரண்டு நாள் வேண்டும், அதுவரை லாரியை மட்டும் ஓட்டுகிறேன் என்றான்.

லாரியையும் டிரெய்லரையும் சேர்த்துச் சங்கிலிதான் போட்டிருக்கிறதே, மெதுவாகப் போ என்றார் ஆத்மநாதன். மறுநாள் முழுச் சரக்கு. சுமை ஏற்றும் பெண்கள் எட்டுப் பேரும் டிரெய்லரில் மூட்டைமேல் உட்கார்ந்து வர வேண்டும் என்றும் சொன்னார்.

"சங்கிலி கழண்டு ஓடாமப் பிடிச்சுக்கும், மொதலாளி. தள்ளுறத நிறுத்தாது. பிரேக் இல்லாம நான் இழுக்க மாட்டேங்க."

"அப்ப சாவிய வச்சுட்டுப் போ."

மலையாண்டி சாவியை வைத்துவிட்டு நடந்தான்.

மறுநாள் காலையில் மணமேல்குடியிலிருந்து முத்துராமன் என்ற பஸ் டிரைவர் வந்தான். டிரெய்லர் இழுத்துப் பழக்கமில்லாதவன். மூட்டைகள் ஏறின. பெண்கள் ஏறவில்லை. அவர்களை முன்னின்று நடத்தும் இருளாயி, முந்தின வருஷம் அந்தக் கண்மாய்க் கரையில் பாரவண்டி மாட்டையும் மீறி ஓடிக் கவிழ்ந்ததைப் பார்த்தவள். அவள் தங்கை அழகியின் கால் அன்றைக்குத்தான் நசுங்கியது.

ஏறுகிறீர்களா, வேறு ஆள் பார்க்கட்டுமா என்று ஆத்மநாதன் கேட்டார். இருளாயி எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஏறுறோம். மொத நீங்க மூட்டைமேல ஒக்காந்து அந்தக் கரையில எறங்கிக் காட்டுங்க. நாங்க இங்கிட்டு நின்னு பாக்குறோம்."

ஆத்மநாதனுக்கு முகம் சிவந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரெய்லரின் விளிம்பைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி வைத்தார். எட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது. இதைப் பார்த்த முத்துராமன், தனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.

வேறு ஆள் தேடி ஆத்மநாதன் இரண்டு நாள் அலைந்தார். அவர் போன இடத்துக்கெல்லாம் இருளாயி முன்கூட்டியே போய்ப் பேசியிருந்தாள். ஒருத்தியும் வரவில்லை. மூன்றாம் நாள் கைப்பிடியைத் தானே தேடி எடுத்து, மலையாண்டிக்கு ஆள் அனுப்பினார்.

மலையாண்டி வந்து புது ஒயர் இழுத்தான். பின்விளக்கு இரண்டையும் எரியவைத்தான். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, இருளாயியைச் சுற்றிவிடச் சொன்னான். அவள் இரண்டு கையாலும் வேகமாகச் சுற்றினாள். அவன் முன்னால் போய்க் கைப்பிடியை இழுத்ததும் சக்கரம் அப்படியே நின்றது. அவள் மறுபடி தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்த சக்கரத்தையும் பார்த்தபின்தான் தலையாட்டினாள்.

"பிரேக் இருந்தாலும் டிரெய்லர்ல சரக்கு மட்டுந்தான் மொதலாளி. ஆளுக லாரியிலதான் வருவோம்" என்றாள். ஆத்மநாதன் லாரியில் இடம் விட்டு மூட்டைகளை டிரெய்லருக்கு மாற்றச் சொன்னார்.

அன்று கரை இறக்கத்தில் மலையாண்டி முதலில் கைப்பிடியை இழுத்தான், அப்புறம்தான் லாரி பிரேக்கில் காலை வைத்தான். டிரெய்லர் முரண்டு பிடிக்காமல் பின்னாலேயே வந்தது.

பிரேக் போட வேண்டுமென்று தானே நினைத்திருந்ததாக ஆத்மநாதன் ஊரில் சொல்லிக்கொண்டார். மலையாண்டி அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நடைக்கு முன்பும் அவரே பின்னால் வந்து, ஒயர் நன்றாக இருக்கிறதா என்று பின்விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை வைத்துவிட்டான். ஒருநாள் அவர் நாற்காலியை விட்டு எழாமல் கையை மட்டும் அசைத்தார். மலையாண்டி இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்து உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்புச் சத்தம் பின்பக்கமாகப் போனது.

"எரியுது" என்றார் ஆத்மநாதன்.

"ரெண்டுமாங்க?"

"ரெண்டுந்தான்."