எத்தனை மாசம் தாங்குவார்?

கண்டக்டர் அக்கா ஓர் அதட்டல் போட்டால் படிக்கட்டில் தொங்குகிறவன் தானாக பஸ்ஸுக்குள் வந்துவிடுவான். அப்பேர்ப்பட்ட குரலை விழுங்கிக்கொண்டு, மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரி கவுண்டர் முன்னால் நின்றாள்.

அவள் தம்பி முப்பது வருஷம் நூல் மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்றவன். நுரையீரல் சல்லடையாகிவிட்டது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போய்வர இருபது நிமிஷம். நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு வாயைப் பிளப்பான். வீட்டுக்கே வந்து இந்தத் திணறலைத் தணிக்கும் நர்ஸுகள் இங்கே உண்டென்று கேள்விப்பட்டுத்தான் அலைகிறாள்.

“எத்தனை மாசம் தாங்குவார்னு டாக்டர் எழுதலையே,” என்று குமாஸ்தா ஃபாரத்தைத் திருப்பித் தள்ளினார்.

“இந்த வியாதியில அப்படிச் சொல்ல முடியாதுன்னுதானே சார் எழுதியிருக்கார். இன்னைக்குத் தேவலைன்னு இருப்பான், நாளைக்கு இழுத்துக்கும்.”

“கேன்சர்னா சொல்லிடுவாங்கம்மா. கட்டத்துல மாசக் கணக்கு இல்லேன்னா பதிய முடியாது.”

“அப்போ அவனுக்குக் கேன்சர் வரணும்னு வேண்டிக்கவா?”

குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அக்கா நகரவில்லை. வீட்டுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து கவுண்டர்மேல் வைத்தாள்.

“தம்பி, நீ எப்போ சாவேன்னு சார் கேக்கறார். நீயே சொல்லு.”

முதலில் இழுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “சார்... தேதி... தெரிஞ்சா...” மறுபடி இழுப்பு. “நேர்ல... வந்து... சொல்லிடறேன்.”

வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. உள்ளறையிலிருந்து மூத்த நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “விலாசத்தைச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு இன்னைக்கே வர்றேன்.”

சொன்னபடி மாலையில் வந்தாள். டாக்டர் எழுதிய அளவில் கொஞ்சமே கொஞ்சம் மார்ஃபின் மருந்தைக் குடிக்கக் கொடுத்தாள். டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே திருப்பினாள். மேஜைமேல் தலையணை போட்டு, முன்னால் சாய்ந்து உட்காரக் காட்டிக்கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில், காதுவரை ஏறியிருந்த தோள்கள் இறங்கின.

“அக்கா, ஒரு டீ போடேன்,” என்றான் தம்பி, ஒரே மூச்சில்.

அக்காவுக்குக் கண் கலங்கியது. பின்னாலேயே கோபமும் பொங்கியது. “இதைப் போன வருஷமே செஞ்சிருக்கலாமா?”

நர்ஸ் பூசி மெழுகவில்லை. “செஞ்சிருக்கலாம்மா.”

மறுநாள் அக்கா லீவு போட்டுவிட்டு, ஃபாரத்திலிருந்து அந்தக் கட்டத்தையே எடுக்கச் சொல்லிப் பெரிய டாக்டரின் அறை வாசலில் உட்கார்ந்தாள். “நாளைக்கு வாங்க” என்றார்கள். போனாள். அந்த வாரக் கடைசியில், அன்றைக்கு அவளோடு வரிசையில் நின்றவர்களில் நாலு பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது வாரம் கட்டத்தின்மேல் பேனாவால் கோடு கிழித்தார்கள். புது ஃபாரம் அச்சடிக்க இன்னும் நாளாகுமாம்.